ஊருக்குப் போவது என்றால் எங்கே? கோடம்பாக்கத்தில் தங்கிவிடும் இளைஞர்கள்

பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் கோடம்பாக்கத்தின் தேநீர்க் கடைகளில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஊருக்குப் போகலையா?" கேட்பவருக்கு அது நலம் விசாரிப்பு. பதில் சொல்ல வேண்டியவர்களில் சிலருக்கு அத்தனை எளிதான கேள்வி அன்று. முன்பு ஆற்காடு சாலையில் பேருந்து ஏறினால் சற்று நேரத்தில் கோயம்பேடு வந்துவிடும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின், தென் மாவட்டங்களுக்குச் செல்வோர் மின்சார ரயிலில் வண்டலூர் அல்லது ஊரப்பாக்கம் வரை சென்று, அங்கிருந்து முனையத்தை அடைய வேண்டியிருக்கிறது. ஆனால் பலரும் ஊருக்குப் போகாமலிருப்பதற்குக் காரணம் இந்தத் தொலைவு அன்று.

குறைந்த வருவாய் உள்ள இளைஞர்கள், செலவு மிகுந்த பெருநகரத்தை விட்டு ஏன் போவதில்லை? பொருளியல் கட்டுரைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் இக்கேள்வி அவ்வப்போது எழுகிறது. பத்துக்குப் பத்து அறையில் நால்வர், வருவாயில் பெரும்பகுதி வாடகைக்கு, மீதம் உணவுக்கு என்று வாழ்வதைவிடச் சொந்த ஊரில் சொந்த வீட்டில் இருக்கலாமே என்பது கேட்பவர்களின் வாதம். அந்த வாதத்தில் 'சொந்த ஊர்', 'சொந்த வீடு' ஆகிய இரண்டும் எல்லோருக்கும் உண்டு என்பது முன்கூட்டியே எடுத்துக்கொள்ளப்பட்டுவிடுகிறது.

தமிழ்நாட்டுக் கிராமத்தின் வழக்கில் 'ஊர்' என்ற சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு. ஊர் வேறு, சேரி வேறு. இன்றைய பேச்சில் அது ஊர்த்தெரு என்றும் காலனி என்றும் ஆகியிருக்கிறது. காலனியில் பிறந்தவர் 'ஊருக்குள் போய்விட்டு வருகிறேன்' என்று சொல்லும்போது, தாம் பிறந்த இடம் ஊரைச் சேர்ந்ததன்று என்பதையும் சேர்த்தே சொல்கிறார். விந்தை என்னவென்றால், சென்னைக்கு வந்த பிறகுதான் அவருக்கு 'எங்க ஊர்' என்று சொல்ல ஓர் ஊர் கிடைக்கிறது. திருவண்ணாமலை, விழுப்புரம், திருநெல்வேலி என்று மாவட்டத் தலைநகரின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். அதற்கடுத்த கேள்விகளான "எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" என்பவை வராதிருக்கும் வரை அது போதும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 48.4 விழுக்காட்டினர் நகர்ப்புறங்களில் வாழ்கின்றனர். பட்டியல் சாதியினர் மாநில மக்கள்தொகையில் 20 விழுக்காடு. ஆனால் அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கிராமங்களிலேயே இருந்தனர். பிறரைக் காட்டிலும் நகரம் நமக்குத் தாமதமாகவே கிடைத்திருக்கிறது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. எனவே இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்த இடப்பெயர்வைப் பற்றிப் பேசும் எவரும் பழைய எண்களை வைத்தே பேச வேண்டியிருக்கிறது.

நிலத்திலிருந்து தொடங்குவோம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்கீர் 1891இல் அளித்த அறிக்கை, ஒடுக்கப்பட்ட மக்கள் நிலமும் குடியிருப்பு மனையும் இன்றிக் கொத்தடிமைகளாக வைக்கப்பட்டிருந்ததை விரித்துரைத்தது. அதன் விளைவாக 1892இல் வந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. சென்னை மாகாணத்தில் சுமார் 12 இலட்சம் ஏக்கர் இவ்வாறு ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அந்நிலங்களின் பெரும்பகுதி பிறர் கைகளுக்குச் சென்றதையும், மீட்பு கோரி 1994இல் காரணையில் நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்ததையும் இத்தளத்தின் வாசகர்கள் அறிவர். நகரத்தில் வறுமையோடு தங்கும் ஓர் இளைஞர் எதை விட்டு வந்தார் என்று கணக்கிட வேண்டுமானால், அந்தக் கணக்கை இங்கிருந்துதான் போட வேண்டும். நிலமுள்ள குடும்பத்தின் பிள்ளை சென்னையில் தோற்றால் திரும்பிச் செல்ல வயல் இருக்கிறது. நிலமற்ற குடும்பத்தின் பிள்ளை திரும்பினால் இருப்பது அந்த வயலில் கூலி வேலை. அல்லது நூறு நாள் வேலை. 2024-25ஆம் நிதியாண்டில் அவ்வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாள் ஊதியம் 319 ரூபாய், அதுவும் ஆண்டுக்கு நூறு நாளுக்கு.

கைவன் முன்ஷி, மார்க் ரோசன்ஸ்வைக் ஆகிய பொருளியலாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, இதே கேள்வியை மறுபக்கத்திலிருந்து கேட்டது: நகரத்தில் கூலி இவ்வளவு அதிகமாக இருந்தும் இந்தியக் கிராமத்து ஆண்கள் ஏன் பெருமளவில் இடம்பெயர்வதில்லை? சாதி உறவினர்களிடையே நிலவும் கடன், உதவி, ஈடு ஆகியவற்றின் வலைப்பின்னலே அவர்களைக் கிராமத்தில் நிறுத்தி வைக்கிறது என்பது அவர்கள் கண்ட விடை. வெளியேறினால் அந்தக் காப்பு போய்விடும். இந்த விடையைக் காலனியின் பக்கம் திருப்பிப் பார்த்தால் நமக்கு வேறொன்று தெரிகிறது. தெருவே வறுமையில் இருக்கும்போது, அந்த வலை ஒருவரை எவ்வளவு தூரம் தாங்கும்? ஒருவருக்கு மருத்துவச் செலவு வந்தால் கொடுத்து உதவ அடுத்த வீட்டிலும் இல்லை. பிடித்து வைக்கும் கயிறு மெல்லியது. ஆகவே வெளியேறுவது எளிது. ஆனால் நகரத்தில் விழுந்தால் தாங்குவதற்கும் எவரும் இல்லை. இவ்விரண்டும் சேர்ந்தே நாம் பார்க்கும் வாழ்க்கையை உண்டாக்குகின்றன.

கூலியால் மட்டும் விளக்கிவிட முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசமைப்பை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தை இந்தியாவின் அடிப்படை அலகாக்க வேண்டும் என்றவர்களுக்கு மறுமொழி கூறுகையில், கிராமம் என்பது அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம் என்ற கருத்தை முன்வைத்தார். தனிமனிதரை அலகாகக் கொண்டதற்காக மகிழ்ச்சியும் தெரிவித்தார். எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதியினரின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றார். அந்நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. 2025 ஜூலை 27 அன்று, சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணியாற்றிய கவின் செல்வகணேஷ், தாத்தாவின் சிகிச்சைக்காகச் சொந்த மாவட்டப் பக்கம் சென்றிருந்தபோது பாளையங்கோட்டையில் கொல்லப்பட்டார்.

இப்படிப்பட்ட செய்தி வரும் நாளில் சென்னையில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்து, "இப்போதைக்கு வராதே" என்று சொல்லும் தாயின் குரலை எந்த ஊதியப் புள்ளிவிவரமும் காட்டாது. 'திரும்பாமை' என்ற முடிவைப் பல வீடுகளில் பெற்றோரே எடுக்கின்றனர் என்பதை நாம் போதிய அளவு எழுதியதில்லை.

2020ஆம் ஆண்டை இதற்கு எதிர்ச்சான்றாகக் காட்டலாம். கொரோனா ஊரடங்கின்போது, குறிப்பாக ஜூன் 19 முதல் சென்னையில் முழு ஊரடங்கு என்று அறிவிக்கப்பட்டபோது, பரனூர் சுங்கச்சாவடியில் வெளியேறும் வாகனங்கள் வரிசை கட்டி நின்றன. வேலை நின்றதும் நகரம் தங்க விடவில்லை, போனவர்கள் போனார்கள். ஆனால் ரயில்கள் ஓடத் தொடங்கியதும் அறைகள் மறுபடியும் நிரம்பின. சென்றவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்தச் சில மாதங்களே ஊரைப் பற்றிய கடைசிச் சந்தேகத்தையும் தீர்த்து வைத்தன.

இனிக் கோடம்பாக்கத்துக்கு வருவோம். மாநகராட்சியின் 10ஆவது மண்டலம் இப்பெயரைத் தாங்குகிறது; தி.நகர், வடபழனி, சைதாப்பேட்டை, கே.கே. நகர் ஆகியவையும் அதில் அடங்கும். குறைந்த வருவாயினர் இங்கு நிலைத்திருப்பதற்கான காரணங்களில் முதலாவது ரயில். கடற்கரை - தாம்பரம் தடத்தில் 1931இலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இன்றும் புறநகர் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெருவின் கடைகள், எழும்பூரில் இறங்கினால் கன்னிமாரா நூலகம், சைதாப்பேட்டையில் இறங்கிப் பேருந்து பிடித்தால் கோட்டூர்புரத்தின் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010இல் திறக்கப்பட்ட அந்நூலகத்தில், சொந்த நூல்களைக் கொண்டு வந்து படிப்போருக்கான பகுதியில் நாள் முழுதும் அமர்ந்திருப்பவர்களைக் கவனித்தால், அறையில் மேசைக்கு இடமில்லாத ஒருவருக்கு நகரம் எதைத் தருகிறது என்பது விளங்கும். பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. 2013 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சோறு ஐந்து, தயிர்ச் சோறு மூன்று. அதை ஏளனம் செய்தவர்கள் உண்டு. மாதக் கடைசியில் அந்த வரிசையில் நிற்காத துணை இயக்குநர் கோடம்பாக்கத்தில் இருந்திருப்பாரா என்பது ஐயமே.

திரைத்துறையைத் தவிர்த்துக் கோடம்பாக்கத்தைப் பற்றி எழுத முடியாது. ஆனால் படப்பிடிப்புத் தளங்கள் பலவும் இன்று இல்லை. வடபழனியில் விஜயா வாகினி இருந்த இடத்தில் வணிக வளாகமும் மருத்துவமனையும் நிற்கின்றன. எஞ்சியிருப்பது அத்தொழிலைச் சுற்றிய வாழ்க்கை: படத்தொகுப்பு அறைகள், ஒலிப்பதிவுக் கூடங்கள், விளக்குகளையும் தண்டவாளங்களையும் வாடகைக்கு விடும் கிடங்குகள், பேட்டாவை எதிர்பார்த்திருக்கும் தொழிலாளர்கள். துணை இயக்குநருக்குப் பல ஆண்டுகள் ஊதியம் என்று சொல்லத்தக்கது இல்லை. வீட்டிலிருந்து பணம் வரும் பிள்ளைகளே அக்காலத்தைத் தாங்க முடியும் என்பதால், யாருடைய கதை திரைக்கு வரும் என்பதை இந்த அறை வாடகையும் ஒரு வகையில் தீர்மானித்துவந்தது. பா. இரஞ்சித்தின் 'அட்டகத்தி' 2012இலும், மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' 2018இலும் வெளிவந்தன. இப்படங்களை எடுத்தவர்கள் திரும்பிப் போகாமல் இருந்ததால்தான் அவை கிடைத்தன. துணை இயக்குநர்களுக்காக இரஞ்சித் வளசரவாக்கத்தில் 'கூகை' என்ற பெயரில் நூலகம் ஒன்றைத் தொடங்கியதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். படிக்க, உட்கார, ஒருவரையொருவர் சந்திக்கக் கட்டணமில்லாத இடம் என்பது இத்தொழிலில் சிறிய செய்தி அன்று.

அறிவுத்துறையில் நம்மவர் சென்னையைப் பயன்படுத்திய வரலாறு இதைவிடப் பழையது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் இந்நகரத்திலிருந்தே நடத்தினர். அச்சகமும் அஞ்சலும் இரவுப் பள்ளியும் இருந்த இடத்தில் அரசியலும் பிறந்தது.

ஆயினும், நகரம் சாதியை ஒழித்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். நகரத்தில் சாதி முதலில் வெளிப்படுவது வீட்டு வாசலில். மேற்கு மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் 'சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும்' என்ற பலகைகள் புதியவை அல்ல. "நீங்க நான்-வெஜ்ஜா?" என்ற கேள்வி உணவைப் பற்றியதாக ஒலித்தாலும், அதைக் கேட்பவரும் கேட்கப்படுபவரும் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை இருவருமே அறிவர். டெல்லித் தலைநகர்ப் பகுதியில் சுகதேவ் தோரட்டும் அவரது குழுவினரும் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், வாடகை வீடு கேட்டுத் தொலைபேசியில் பேசிய தலித்துகளில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினரும், முஸ்லிம்களில் 31 விழுக்காட்டினரும் நேரடியாக மறுக்கப்பட்டனர். ஆதிக்கச் சாதிப் பெயரோடு பேசியவர்கள் எவரும் மறுக்கப்படவில்லை. 1917இல் வெளிநாட்டிலிருந்து திரும்பிப் பரோடா அரசின் பணிக்கு வந்த அம்பேத்கர், பார்சி விடுதியில் பெயரை மறைத்துத் தங்கியதும், கம்போடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டதும், வேறெங்கும் இடமின்றிப் பூங்காவில் அமர்ந்திருந்ததும் அவரே எழுதி வைத்த செய்தி. நூறாண்டு கடந்தும் அது பழங்கதையாகவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீட்டைக் கட்டுவதையோ வாங்குவதையோ அதில் குடியிருப்பதையோ தீண்டாமையின் பேரில் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் "வேறொருவருக்குப் பேசிவிட்டோம்" என்று சொல்லும் வீட்டுக்காரரை எந்தச் சான்றைக் கொண்டு நீதிமன்றத்தில் நிறுத்துவது? பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் பெருநகரங்களின் கணக்கெடுப்புத் தரவுகளைத் தெரு அளவுக்கு இறங்கிப் பார்த்தபோது, வார்டு அளவில் கலந்திருப்பதுபோலத் தோன்றும் மக்கள் உள்ளே சாதிவாரியாகப் பிரிந்தே வாழ்வது தெரியவந்தது. கோடம்பாக்கத்தில் நடந்து பார்ப்பவருக்கு இதற்கு ஆய்வு தேவையில்லை என்பது என் எண்ணம். எந்தச் சந்தில் எவருக்கு அறை கிடைக்கும் என்பது தரகர்களுக்கு மனப்பாடம்.

மறுப்பைத் தாண்டினால் வருவது முன்பணம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத நிலையில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது என்கிறது. அந்த 'வேறுவிதமான ஒப்பந்தம்' என்ற இடைவெளியில் சென்னையின் பத்து மாத முன்பண வழக்கம் பத்திரமாக நுழைந்து நிற்கிறது. மாதம் 12,000 ரூபாய் வாடகை என்றால் 1,20,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதவைத் தட்ட வேண்டும். மாதச் செலவைக் கொடுக்கக்கூடியவரும் முதல் நாள் தொகையைப் புரட்ட முடியாமல் பகிர்வு அறைக்கோ மேன்ஷனுக்கோ சென்றுவிடுகிறார். வறுமைக்கு நகரம் விதிக்கும் கூடுதல் வரி இது. பெற்றோர் நிலத்தை அடகு வைத்து அந்தத் தொகையை அனுப்பக்கூடிய பிள்ளைக்கும், அனுப்ப ஏதுமில்லாத பிள்ளைக்கும் ஒரே ஊதியம் இருந்தாலும் ஒரே வீடு கிடைப்பதில்லை.

வேலையின் தன்மையும் அப்படியே. தி.நகரின் பெருங்கடைகளில் தென் மாவட்டங்களிலிருந்து வந்த ஆண்களும் பெண்களும் நாள் முழுதும் நின்றபடி விற்பனை செய்தனர்; அவர்கள் அமர்வதற்கு இருக்கை தர வேண்டும் என்று சொல்லத் தமிழ்நாட்டுக்கு 2021 செப்டம்பரில் ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. கடையே தங்குமிடமும் உணவும் தருவதால் வேலையை விடுவது தங்குமிடத்தையும் விடுவதாகிறது. மாநகராட்சியின் துப்புரவுப் பணியில் யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணி தனியாருக்கு அளிக்கப்படுவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தவர்கள் 13ஆம் நாள் நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டனர். கோடம்பாக்கம் மண்டலத்தில் அது அதற்கும் சில ஆண்டுகள் முன்பே தனியாரிடம் போய்விட்டது. காதலும் நகரத்தில் காப்புப் பெற்றுவிடவில்லை: 2024 பிப்ரவரியில் பள்ளிக்கரணையில், சாதி கடந்து மணந்த தலித் இளைஞர் மனைவியின் உறவினரால் வெட்டிக் கொல்லப்பட்டார்.

அப்படியானால் ஏன் தங்குகிறார்கள்? வேறுபாடு அளவிலும் தன்மையிலும் இருக்கிறது. கிராமத்தில் ஒருவரின் சாதி அவர் நடந்து வருவதற்கு முன்பே வந்துவிடுகிறது. நகரத்தில் அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதற்குச் சிலராவது கூச்சப்படுகிறார்கள். ஒரு வேலையில் இழிவுபடுத்தப்பட்டால் அடுத்த தெருவில் வேறொரு வேலை தேடலாம். செருப்போடு நடக்கலாம், வண்டியை மெதுவாக்காமல் ஓட்டலாம், விரும்பிய சட்டையை அணியலாம். இவற்றை அற்பமானவை என்று நினைப்பவர்கள் இவற்றுக்காக அடி வாங்கியவர்கள் அல்லர்.

தங்குவதற்கான உரிமையும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை என்பதை, நகரத்திலேயே பிறந்த ஏழை இளைஞர்களின் நிலை காட்டுகிறது. 1970இல் அமைக்கப்பட்ட குடிசை மாற்று வாரியம், தொடக்கத்தில் மக்கள் இருந்த இடத்திலேயே அடுக்கு வீடுகளைக் கட்டியது, தி.நகர் டாக்டர் தாமஸ் சாலைக் குடியிருப்பு போன்றவை அந்தக் கொள்கையின் எச்சங்கள். 2000க்குப் பின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் விளிம்புக்கு அனுப்புவதே வழக்கமாயிற்று. 2015 வெள்ளத்திற்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களும் பெரும்பாக்கத்துக்கே சென்றனர். 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. 2022 மே மாதத்தில் இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது, முதியவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். வாரியக் கணக்கில் அவர்களுக்கு மாற்று வீடு உண்டு. கோடம்பாக்கத்தில் வீட்டு வேலைக்கோ விளக்குப் பணிக்கோ செல்பவருக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வீடு எதற்கு மாற்று என்பதே கேள்வி. அத்துடன் 'கண்ணகி நகர்' என்ற முகவரியைக் கண்டதும் வேலை மறுக்கப்படுவதாக அங்குள்ள இளைஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். 2025 அக்டோபரில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வென்ற கார்த்திகாவின் பெயரோடு அந்த முகவரி பெருமையுடன் செய்தித்தாள்களில் இடம்பெற்றது.

நான்காவது வழித்தடத்தின் மெட்ரோ ரயில் கோடம்பாக்கத்தையும் வடபழனியையும் கடந்து பூந்தமல்லிக்குச் செல்லவிருக்கிறது. நிலையங்களை ஒட்டிய பழைய ஓட்டு வீடுகளும் ஒற்றை அறைகளும் அடுக்குமாடிகளாகும்போது, பகிர்வு அறைகள் போரூர்ப் பக்கம் நகரும். வாடகை குறையலாம், ஆனால் இரவு பதினொரு மணிக்குப் படப்பிடிப்போ உணவு விநியோகமோ முடித்து வருபவருக்கு அந்தத் தொலைவு கணிசமான செலவு.

அரசு இதில் செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், வாடகை வீட்டைப் பற்றியே முதலில் பேச வேண்டும். பணிபுரியும் பெண்களுக்கு 'தோழி' விடுதிகள் வந்துள்ளன. இன்னும் பல மடங்கு தேவை. வேலை தேடும் நிலையிலுள்ள இளைஞர்களுக்கு அவ்வாறான ஏற்பாடு இல்லை. சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா பெயரில் உள்ள ஆதிதிராவிடர் நலக் கல்லூரி விடுதி, பல தலைமுறை மாணவர்களுக்குச் சென்னையின் முதல் முகவரியாக இருந்திருக்கிறது. 2025 ஜூலையில் இத்தகைய விடுதிகள் அனைத்தும் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் மாற்றப்பட்டன. இவை கல்லூரி மாணவர்களுக்கானவை. படிப்பு முடிந்தால் இடமும் முடிகிறது. பட்டத்துக்கும் முதல் ஊதியத்துக்கும் இடையிலுள்ள அந்த ஓராண்டு அல்லது ஈராண்டில், ஒருவரிடம் முன்பணமும் இருக்காது, பணிச் சான்றும் இருக்காது, பரிந்துரைக்க நகரத்தில் உறவினரும் இருக்க மாட்டார். கடைசித் தேர்வு எழுதிய வாரத்தில் பெட்டியோடு வெளியே வரும் அவர், கோடம்பாக்கம் நிலையத்தில் இறங்கி, மூத்த நண்பர் ஒருவரின் அறையில் ஐந்தாவது ஆளாகப் பாய் விரிக்கிறார். வீட்டுக்காரர் கேட்டால் "இரண்டு நாளில் போய்விடுவான், ஊரிலிருந்து வந்திருக்கிறான்" என்று சொல்லிக்கொள்வார்கள்.